950 பெரிதா, 1200 பெரிதா?

போடிநாயக்கனூரில் ஏலக்காயைப் பருமனுக்குச் சல்லடையில் பிரிப்பார்கள், நிறத்துக்குக் கண்ணால் பிரிப்பார்கள். எட்டு மில்லிமீட்டர் காயா, ஏழா என்று துளையே சொல்லிவிடும். பச்சை மங்கியதா என்பதைச் சல்லடையிடம் கேட்க முடியாது. போடிமெட்டு வழியாக இறங்கும் காய்க்கு ஏலக் கணக்கு பார்ப்பது என் வேலை. அதனாலேயே, கணினிக் கட்டளைகளை இயக்கும், எண்ணுக்கு ஒன்றும் சொல்லுக்கு ஒன்றுமாக ஒப்பீட்டைப் பிரித்த யூனிக்ஸ் ஷெல்லின் பழைய வரலாறு எனக்கு நெருக்கமானது.

ஷெல்லுக்கு எல்லாமே எழுத்துச் சரம்தான். 1200 என்பது அதற்கு வெறும் நான்கு எழுத்து. 1975இல் வந்த ஆறாம் பதிப்பு யூனிக்ஸில் ‘இஃப்’ தனியொரு நிரல்; இரண்டு சொல் ஒன்றா வேறா என்று பார்க்கும், எண்ணில் எது பெரிது என்று பார்க்காது. 1979இல் பெல் ஆய்வகத்தின் ஏழாம் பதிப்பு, ஸ்டீபன் பார்ன் எழுதிய ஷெல்லையும் ‘டெஸ்ட்’ கட்டளையையும் கொண்டுவந்தது. சொல்லுக்கு ‘=’, எண்ணுக்கு ‘-ஈக்யூ’ (சமம்), ‘-ஜிடி’ (பெரிது), ‘-எல்டி’ (சிறிது). ‘>’ குறி அதற்கு முன்பே வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பும் வேலையில் இருந்தது.

இன்றும் ‘டெஸ்ட்’ கட்டளையின் சதுர அடைப்பு வடிவில் ‘[ 1200 > 950 ]’ என்று எழுதினால் விடை எப்போதும் ‘ஆம்’தான், கூடவே 950 என்ற பெயரில் ஒரு கோப்பும் முளைக்கும். டேவிட் கார்னின் 1988 ஷெல்லில் இரட்டை அடைப்பு வந்தது. அதற்குள் ‘>’ ஒப்பிடத்தான் செய்கிறது, ஆனால் அகராதி வரிசையில். 9 என்ற எழுத்து 1க்குப் பின்னால் வருவதால் 950தான் பெரிது என்கிறது. விலைப் பட்டியலில் இது எவ்வளவு பெரிய தவறு!

போடியிலும் இடுக்கி மாவட்டப் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டின் மையங்களில் நடக்கும் மின்னணு ஏலத்தில் லாட் எண்ணும் உண்டு, விலையும் உண்டு. இரண்டும் இலக்கம்தான், தன்மை வேறு. 007, 7 என்ற இரண்டையும் ‘=’ வேறு என்கிறது, ‘-ஈக்யூ’ ஒன்று என்கிறது. பாஷ் ஷெல்லின் இரட்டை அடைப்புக்குள் ‘-ஈக்யூ’ கொடுத்தால், முன்னால் பூஜ்யம் இருப்பதைப் பார்த்து 08ஐ எட்டடிமான எண் என்று கருதி, அதில் 8 வராதே என்று பிழை சொல்லும். கிலோ விலை 1250.50 என்று பைசாவோடு வந்தாலும் பாஷ் ஏற்காது, முழு எண் கேட்கும். நான் 125050 பைசாவாக மாற்றிவிட்டு ஒப்பிடுகிறேன்.

லாரி வால் 1987இல் வெளியிட்ட பெர்ல் மொழி இதைத் தலைகீழாக்கியது: ‘ஈக்யூ’ சொல்லுக்கு, ‘==’ எண்ணுக்கு. குறி மாறினாலும், எது எண், எது பெயர் என்று எழுதுகிறவரே சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு மாறவில்லை. அது சரியான ஏற்பாடு என்பதே என் தீர்ப்பு. கணக்குக்கு நிரல் எழுத வரும் பிள்ளைகளே, லாட் எண்ணுக்கு ‘=’ போடுங்கள், விலைக்கு ‘-ஜிடி’ போடுங்கள்.