அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து: வீரர் இடமாற்ற விதிகள்

அமெரிக்காவில் ஒரு கல்லூரி அணிக்காக ஆடும் மாணவர் வேறு கல்லூரிக்குப் போனால், புதிய அணியில் எப்போது களமிறங்கலாம், அங்கே விளையாட்டு உதவித்தொகை பெறலாமா என்பதை முடிவுசெய்பவை இடமாற்ற விதிகள். 1906-இல் தோன்றிய தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், அதாவது என்சிஏஏ, இவற்றை வகுக்கிறது. இங்கே பேசப்படும் கால்பந்து, தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து. படிப்பதற்காகக் கல்லூரி மாறுவதை இந்த விதிகள் ஒருபோதும் தடுத்ததில்லை. தடை ஆட்டத்துக்குத்தான்.

அந்தத் தடையின் கனம் புரிய இரண்டு செய்திகள் போதும். கல்லூரி வீரருக்கு நீண்டகாலமாக இருந்துவரும் கணக்கு, 5 ஆண்டுகளுக்குள் 4 சீசன்கள் என்பது. தொழில்முறைப் போட்டியான என்எஃப்எல், பள்ளிப்படிப்பு முடிந்து 3 ஆண்டுகள் ஆகாதவரைச் சேர்த்துக்கொள்வதில்லை. எனவே 18 வயதில் நல்ல ஆட்டக்காரராக இருக்கும் இளைஞருக்குக் கல்லூரி அணியைத் தவிர அந்த நாட்டில் வேறு பெரிய களம் கிடையாது. அவருக்கு ஒரு சீசன் பறிபோனால் வாய்ப்பில் கால்பங்கு போய்விடுகிறது.

பழைய விதிப்படி, இடம் மாறிய கால்பந்து வீரர் ஓர் ஆண்டு முழுக்கப் புதிய கல்லூரியில் படித்துக்கொண்டும் பயிற்சி செய்துகொண்டும் இருக்கலாம், ஆட முடியாது. புதிய சூழலில் படிப்பு நிலைபெற வேண்டும் என்று இதற்குக் காரணம் சொல்லப்பட்டது. ஆனால் இந்தக் காத்திருப்பு கால்பந்து, ஆடவர் மற்றும் மகளிர் கூடைப்பந்து, பேஸ்பால், ஆடவர் ஐஸ் ஹாக்கி ஆகிய ஐந்துக்கு மட்டுமே கட்டாயமாக இருந்தது. டென்னிஸ் ஆடுபவரும் நீச்சல் வீரரும் பழைய கல்லூரி மறுக்காதவரை ஒருமுறை மாறி உடனே ஆடலாம். படிப்பைக் காக்க வந்த விதி என்றால் நீச்சல் வீரரின் படிப்புக்கு மட்டும் அந்தக் காவல் ஏன் தேவைப்படவில்லை? கூட்டமும் தொலைக்காட்சிப் பணமும் குவியும் ஆட்டங்களே பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருந்தன.

காத்திருப்புக்கு முன்னால் இன்னொரு கதவும் இருந்தது. வேறு கல்லூரிப் பயிற்சியாளரிடம் பேசவே பழைய கல்லூரியின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால் போகுமிடத்தில் முதல் ஆண்டு உதவித்தொகை கிடையாது. 2017-இல் கான்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தை விட்டு விலக விரும்பிய கோரி சட்டன் என்ற வீரர் 35 கல்லூரிகளின் பெயரைக் கொடுத்தார். கீழ்நிலைப் பிரிவுகளில் ஆடுபவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. 35-உம் மறுக்கப்பட்டன. செய்தி வெளியாகி எதிர்ப்பு கிளம்பிய பிறகே பல்கலைக்கழகம் இறங்கிவந்தது. மறு ஆண்டு அக்டோபர் 15 முதல் அனுமதி முறையே ஒழிக்கப்பட்டது. வீரர் தன் விருப்பத்தை எழுதிக் கொடுத்தால் கல்லூரி அவர் பெயரை ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ எனும் இணையப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அதன்பின் எவரும் அவரிடம் பேசலாம்.

இந்தக் கட்டுகளை விதித்தவர்களுக்கு அவை பொருந்தவில்லை என்பதே நியாயம் குறித்த வாதத்தின் மையம். 2021 நவம்பர் இறுதியில், நோட்ரடாம் அணிக்கு ஓர் ஆட்டம் பாக்கி இருக்கும்போதே, தலைமைப் பயிற்சியாளர் பிரையன் கெல்லி எல்எஸ்யு அணிக்கு மாறினார். 10 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 9.5 கோடி டாலர் ஒப்பந்தம், ஒருநாள்கூடக் காத்திருக்கவில்லை. 2023-இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது ஒப்பந்தப்படி அவருக்குத் தரவேண்டியிருந்த தொகை 7.5 கோடி டாலரைத் தாண்டியது. அதே களத்தில் அடிபட்டு ஆடும் மாணவரின் உதவித்தொகையோ 1973 முதல் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுவதாகவே இருந்தது. பல ஆண்டுகளுக்குச் சேர்த்து வழங்க 2012-இல்தான் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. கல்லூரி அவரை விடலாம். அவர் கல்லூரியை விட்டால் தண்டனை.

பேக்கர் மேஃபீல்டின் கதை இந்த ஏற்றத்தாழ்வை நன்றாகக் காட்டுகிறது. 2013-இல் டெக்சஸ் டெக் அணியில் அவர் உதவித்தொகை இல்லாமல் சேர்ந்து, முதல் ஆண்டிலேயே, அணியின் தாக்குதலை வழிநடத்தும் குவாட்டர்பேக்காகத் தொடக்க ஆட்டத்தில் இறங்கினார். அடுத்த ஆண்டு ஓக்லஹோமாவுக்கு மாறினார். பழைய கல்லூரி அவருக்கு உதவித்தொகை தந்ததில்லை. என்றாலும் 2014 முழுக்க வெளியே உட்கார வேண்டியிருந்தது. இரண்டு கல்லூரிகளும் பிக் 12 என்ற ஒரே கூட்டமைப்பைச் சேர்ந்தவை என்பதால், அக்கூட்டமைப்பின் விதி அவரது தகுதிக் கணக்கிலிருந்தும் ஒரு சீசனைக் கழித்தது. 2016 ஜூனில் அதை மாற்றும் முன்மொழிவு முதல் வாக்கெடுப்பில் தோற்றது. திருத்தப்பட்டு மறுநாள் நிறைவேறியது. அப்படித் திரும்பக் கிடைத்த 2017 சீசனில்தான் அவர் கல்லூரிக் கால்பந்தின் உயரிய விருதான ஹைஸ்மனை வென்றார். விதி மாறியிருக்காவிட்டால் அந்த சீசனே அவருக்கு இல்லை.

பட்டம் முடித்தவர்களுக்கு மட்டும் முன்பே வழி திறந்திருந்தது. முதுநிலைப் படிப்புக்காக மாறுபவர் உடனே ஆடலாம். 2011-இல் நார்த் கரோலினா ஸ்டேட்டிலிருந்து விஸ்கான்சினுக்குச் சென்ற ரஸ்ஸல் வில்சன் இப்படி ஆடியவர். ஒஹாயோ ஸ்டேட்டில் வாய்ப்பில்லாமல் இருந்த ஜோ பரோ 2018-இல் எல்எஸ்யு சென்றார். 2019-இல் ஹைஸ்மன் விருதும் தோல்வியே காணாத தேசியப் பட்டமும் பெற்றார். பெஞ்சில் மங்கிப்போயிருக்கக்கூடிய திறமைக்கு இடமாற்றம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மற்றவர்கள் விலக்கு கேட்டு மனுப்போட வேண்டியிருந்தது. பெரிய அநீதி நடந்த இடம் அதுதான். 2019-இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்திலிருந்து இருவர் கிளம்பினார்கள். ஒஹாயோ ஸ்டேட்டுக்குச் சென்ற நட்சத்திர குவாட்டர்பேக் ஜஸ்டின் ஃபீல்ட்ஸுக்கு விலக்கு கிடைத்தது. உடல்நலம் குன்றிய தாத்தாவுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டி இல்லினாய்க்குச் சென்ற லூக் ஃபோர்டுக்கு மறுக்கப்பட்டது. அதே ஆண்டு, மூளைக்கட்டிக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட தாயின் அருகில் இருப்பதற்காக பிராக் ஹாஃப்மன் வர்ஜீனியா டெக் அணிக்கு மாறினார். குடும்பக் காரணத்துக்கான விலக்குக்குப் புதிய கல்லூரி வீட்டிலிருந்து 100 மைலுக்குள் இருக்க வேண்டும் என்பது வழிகாட்டுதல்; அவருடையது சுமார் 105 மைல். அவர் மனு தள்ளப்பட்டதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் அந்த 5 மைலும் ஒன்று. ஒரு தாயின் நோயை மைல்கல்லால் அளக்கும் விதியை நியாயமென்று யாரும் வாதாட முடியாது.

2021 ஏப்ரலில் என்சிஏஏ எல்லா விளையாட்டுகளுக்கும் ஒருமுறை இடமாற்றத்தை அனுமதித்தது. ஜூன் 21 அன்று ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமித்து, படிப்பு சார்ந்த உதவிகளுக்கு என்சிஏஏ விதித்திருந்த வரம்புகள் ஏகபோகத் தடுப்புச் சட்டத்துக்கு முரணானவை என்றனர். ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்திச் சம்பாதிக்க முடிந்தது. இடமாற்றமும் வருமானமும் ஒரே ஆண்டில் திறந்துகொண்டன. அதன்பின் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இரண்டாம் முறை மாறுபவர்களுக்கு மட்டும் காத்திருப்பு தொடர்ந்தது. டெஸ் வாக்கர் முதலில் சேர்ந்த நார்த் கரோலினா சென்ட்ரல் கொரோனாவால் 2020 சீசனையே ரத்துசெய்ததால் அங்கே ஓர் ஆட்டமும் ஆடவில்லை. பிறகு கென்ட் ஸ்டேட். 2023 தொடக்கத்தில், பாட்டி வந்து பார்க்கும்படி சொந்த மாநிலத்திலேயே ஆட விரும்பி நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இரண்டாம் இடமாற்றத்துக்கான விலக்கு விதிகள் இறுக்கப்பட்டதும் அந்த ஜனவரியில்தான். விலக்கு மறுக்கப்பட்டு, முதல் 4 ஆட்டங்களை இழந்து, அக்டோபரில்தான் அவருக்கு அனுமதி கிடைத்தது.

டிசம்பரில் ஒஹாயோ முதலிய 7 மாநிலங்கள் வெஸ்ட் வர்ஜீனியாவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. 13-ஆம் தேதி நீதிபதி ஜான் பிரெஸ்டன் பெய்லி காத்திருப்பு விதிக்கு இடைக்காலத் தடை விதித்தார். அடுத்த மாதம் அமெரிக்க நீதித்துறையும் வழக்கில் சேர்ந்துகொண்டது. 2024 ஏப்ரலில் என்சிஏஏ, படிப்பில் குறைந்தபட்சத் தகுதியோடு இருப்பவர் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம் என்று விதியைத் திருத்தியது. பல பத்தாண்டுக் கட்டுப்பாடு வழக்குத் தொடுக்கப்பட்ட நான்கே மாதத்தில் நீங்கியது.

இந்த விடுதலைக்கு விலையும் உண்டு. சிறிய கல்லூரிகள் வளர்த்துவிடும் வீரர்களைப் பெரிய கல்லூரிகள் அழைத்துக்கொள்கின்றன. அனுபவமுள்ளவர் கிடைக்கும்போது பள்ளி மாணவருக்கான இடம் சுருங்குகிறது. போர்ட்டலில் பெயர் கொடுத்து, எந்த அணியும் எடுக்காமல் நிற்பவர்களும் இருக்கிறார்கள். 2024 செப்டம்பரில் மேத்யூ ஸ்லூகா, தனக்குத் தந்த வாக்குறுதி காப்பாற்றப்படவில்லை என்று சொல்லி, வென்றுகொண்டிருந்த யுஎன்எல்வி அணியை மூன்றாம் ஆட்டத்துக்குப் பிறகு விட்டுச் சென்றார். பல்கலைக்கழகத் தரப்பு அதை மறுத்தது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்திருந்தால் இரு தரப்புக்கும் அந்த நிலை வந்திருக்காது.

பெரிதாகப் பேசப்படாத இழப்பு படிப்பில் நேர்கிறது. இரண்டாம் ஆண்டு முடிவில் பட்டப்படிப்பில் 40 விழுக்காடும், மூன்றாம் ஆண்டில் 60-உம், நான்காம் ஆண்டில் 80-உம் முடித்திருக்க வேண்டும் என்பது ஆடுவதற்கான கல்வித் தகுதி. ஒரு கல்லூரியில் தேறிய பாடங்களை இன்னொன்று எப்போதும் முழுமையாக ஏற்பதில்லை. மூன்று கல்லூரி மாறியவர் இந்த அளவை எட்டத் திணறுகிறார். என்எஃப்எல் வாய்ப்பும் கிடைக்காதவருக்குப் பட்டமும் தள்ளிப்போகிறது.

மாறும் உரிமையை நேரடியாகத் தடுக்க முடியாத என்சிஏஏ இப்போது நாள்காட்டியைச் சுருக்குகிறது. 2022-இல் ஆண்டுக்கு 60 நாள் திறந்திருந்த போர்ட்டல், 2026-இல் ஜனவரி 2 முதல் 16 வரை மட்டும் என்றானது. வசந்தகால வாய்ப்பு எடுக்கப்பட்டது. இதற்கிடையில் 2025 ஜூன் 6 அன்று என்சிஏஏ மீது வீரர்கள் தொடுத்திருந்த ஹவுஸ் வழக்கின் சமரசத்தை நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றார். அதன்படி ஒரு கல்லூரி 2025-26-இல் சுமார் 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம்.

இன்றைய விதி பழையதைவிட நியாயமானது என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் 15 நாள் கெடுவும் ஊதிய வரம்பும் வீரர்களின் சங்கம் எதனோடும் பேசி வகுக்கப்பட்டவை அல்ல. என்எஃப்எல்லில் அணி மாறும் சுதந்திரம் 1993-இல் வீரர் சங்கத்துடனான கூட்டுப்பேர ஒப்பந்தத்தின் மூலம் நிலைபெற்றது. கல்லூரி வீரர்களை ஊழியர்களாக என்சிஏஏ ஏற்காததால் அவர்களுக்கு அப்படிப் பேரம் பேசும் வழி இல்லை. அமெரிக்க காங்கிரஸ் அந்த உரிமையைச் சட்டமாக்கித் தர வேண்டும்.