வடஆர்க்காட்டில் பேச்சுவழி மனநலச் சிகிச்சை: பாகாயமும் ஆரணியும்

மனத்துயருக்கு ஆளானவர், பயிற்சி பெற்ற ஒருவருடன் குறித்த நாளில், குறித்த நேரத்தில், பல வாரங்கள் தொடர்ந்து பேசித் தெளிவு பெறும் முறை பேச்சுவழிச் சிகிச்சை எனப்படும். இதனைச் செய்பவரைத் தமிழ்நாட்டில் மனநல ஆலோசகர் என்கிறோம். இலங்கைத் தமிழர் உளவளத்துணையாளர் என்பர். சீர்மியம் என்ற சொல்லும் அங்கு வழங்குகிறது. ஆற்றுப்படை இலக்கியத்தை நினைவூட்டும் வகையில் ஆற்றுப்படுத்துதல் என்று எழுதுவோரும் உளர். இவற்றுள் மிகுதியாகப் பழகிப்போன 'ஆலோசனை'தான் பொருத்தம் குறைந்த சொல் என்பது என் கருத்து. ஆலோசனை என்றதும் 'இப்படிச் செய்' என்று யாரோ சொல்லப்போகிறார் என எதிர்பார்த்துப் போகிறோம். அந்த அறையிலோ பெரும்பகுதி நேரம் பேசுபவர் வந்தவரே. பேசாமல் கேட்பது எவ்வளவு கடினம் என்பது ஆசிரியர் தொழிலில் இருந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

வியன்னா நகரில் 1880–82இல் யோசப் புரூயர் என்ற மருத்துவரிடம் சிகிச்சை பெற்ற இளம்பெண் ஒருவர், மனத்தில் கிடந்ததைச் சொல்லச் சொல்ல நோய்க்குறிகள் தணிவதைக் கண்டு, அதற்குப் 'பேச்சுச் சிகிச்சை' என்று தாமே பெயரிட்டார். புரூயரும் பிராய்டும் 1895இல் இதனை நூலாக வெளியிட்டனர். இந்தியாவில் கிரீந்திரசேகர் போசு 1922இல் கல்கத்தாவில் உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார். சென்னை கீழ்ப்பாக்கத்தில் 1871 முதல் இயங்கிவந்த மனநோயாளர் காப்பகம் 'அரசு மனநல மருத்துவமனை' எனப் பெயர் மாறியதும் அதே 1922இல்தான். பெயர் மாறினாலும், நோயாளியை உள்ளே விட்டுவிட்டு உறவினர் ஊர் திரும்பும் இடமாகவே அது நெடுங்காலம் இருந்தது. 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரே கேலிச்சொல்லாகிப் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

வடஆர்க்காடு மாவட்டத்தில் கதை வேறு வகையாகத் தொடங்கியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957இல் பாகாயத்தில் திறக்கப்பட்டது. அதனைத் தொடங்கிவைத்தவர் கனடாவிலிருந்து வந்த மருத்துவர் புளோரன்சு நிக்கோல்சு. அங்கு ஒரு நிபந்தனை உண்டு: நோயாளியுடன் குடும்பத்தில் ஒருவராவது தங்க வேண்டும். அமிர்தசரசில் மருத்துவர் வித்யாசாகர் 1950களில் மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் அடித்து உறவினரைத் தங்கவைத்த முயற்சியும் ஏறத்தாழ இதே காலத்தது. உடனிருப்பவருக்கு நோய் என்ன, மருந்து எதற்கு, எதைச் சொன்னால் நோயாளி கலங்குகிறார் என்பனவெல்லாம் விளக்கப்பட்டன. இந்த அனுபவத்தை மருத்துவர் ஆபிரகாம் வர்கீசு 1988இல் இந்திய மனநல மருத்துவ இதழில் கட்டுரையாக எழுதினார். (அதே பெயருடைய நாவலாசிரியர் வேறொருவர்.)

இதை மேல்நாட்டார் கொண்டுவந்த புதுமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பழைய வடஆர்க்காட்டைச் சேர்ந்த சோளிங்கரில் மனநோயாளியுடன் குடும்பமே வந்து தங்கி, தீர்த்தமாடி, மலையேறி வணங்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை ஆராய்ந்து 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன என்று அது கூறியது. துணையும் அமைதியான சூழலும் தந்த பயன் என்றே ஆய்வாளர்கள் கருதினர். ஆனால் எல்லா இடமும் அப்படியல்ல. அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்டு 6 அன்று, ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தனர்.

குடும்பத்தோடு பேசும் முறை கடும் மனநோய்க்கு உகந்தது. குடும்பத்தின் காதில் விழக்கூடாத துயரத்துக்கு என்ன செய்வது? ஆரணியில் இந்தக் கேள்விக்குத் தனிப் பொருள் உண்டு.

கண்ணமங்கலம் வழியாக வேலூர் செல்லும் ஆரணிப் பேருந்து பாகாயத்தைக் கடந்துதான் நகருக்குள் நுழையும். தொலைவு ஒரு தடையே அல்ல. தறிதான் தடை. பட்டு நெசவாளர் வீட்டில் முன்னறையைத் தறிக்குழி எடுத்துக்கொள்ளும். கணவர் தறியில் இருக்க, மனைவி நூல் சுற்ற, பிள்ளைகள் அங்கேயே படிப்பார்கள். தெருவில் பாவு நீட்ட அக்கம்பக்கத்தார் கை வேண்டும். முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருப்பவர் தன் மனச்சோர்வை வெளியில் சொன்னால், அடுத்த பாவு கிடைக்குமா என்ற அச்சமும் சேர்ந்துகொள்ளும். எல்லாரும் எல்லாரையும் 'அண்ணே', 'அக்கா' என்றழைக்கும் தெருவில், உறவில்லாத ஒருவரிடம் தனியே ஒரு மணி நேரம் பேசுவது என்பது கிடைத்தற்கரியது. பேச்சுவழிச் சிகிச்சை தருவது அந்த ஒரு மணி நேரத்தைத்தான்.

அது சும்மா பேசிக்கொண்டிருப்பதும் அன்று. முதல் ஓரிரு சந்திப்புகளில் தூக்கம், பசி, கடன், குடிப்பழக்கம், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவற்றை ஆலோசகர் கேட்டறிவார். பிறகு எதை மாற்ற விரும்புகிறோம் என்று இருவருமாக முடிவு செய்வர். 'என்னால் ஒன்றுக்கும் ஆகாது' என்பது போன்ற எண்ணம் எப்போது எழுகிறது, அப்போது என்ன செய்கிறோம் என்று குறித்துவரச் சொல்வதும் உண்டு. தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்; மருந்து எழுதுவது அவர் வேலையன்று. பெயர்ப்பலகையை மட்டும் நம்பாமல், படிப்பு என்ன என்று கேட்கலாம். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இதைப் பேணும் உரிமையைத் தந்துள்ளது. பிரிவு 23இன்படி நோயாளி பற்றிய செய்திகளை மறைவாக வைத்திருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து போன்ற விதிவிலக்குகள் உண்டு. பிரிவு 115, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. காவல் நிலையத்துக்குப் பயந்தே சிகிச்சையைத் தவிர்த்த குடும்பங்களுக்கு இது பெரிய மாற்றம்.

1989இல் மாவட்டம் பிரிந்தபின் ஆரணி திருவண்ணாமலையின் கீழ் வந்தது. 1996இல் நாட்டில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின்படி மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் அடங்கிய குழு ஒவ்வொரு மாவட்டத்திலும் இயங்க வேண்டும். அரசு மருத்துவமனையில் கேட்டால் அவர்கள் வரும் நாள் தெரியும். 2022 அக்டோபர் முதல் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். தறிவீட்டில் தனியிடம் இல்லையென்றால், முதலிலேயே அதைச் சொல்லிவிட்டு, வெளியில் போய் நின்று பேசலாம்.