கணக்கேடும் முத்திரையும்

ஈப்போச் சந்தையில் முட்டைத் தட்டுகளின்மேல் காணப்படும் ஏ, பி, சி என்னும் எழுத்துகள் முட்டையின் எடையை மட்டுமே குறிப்பன. கோழி கூண்டில் அடைபட்டு வளர்ந்ததா, மண்ணைக் கிளறித் திரிந்ததா என்பதை அவை உணர்த்துவதில்லை. இயற்கை வேளாண்மை முத்திரையோ வேறு வகையினது. அது பொருள் விளைந்த வழியைப் பற்றியது. ஆகவே பெரும்பாலும் ஏட்டைப் பார்த்தே வழங்கப்படுகிறது. தீவனம் எங்கே வாங்கப்பட்டது, என்ன மருந்து தரப்பட்டது, நிலம் யாருடையது என்பனவற்றுக்கெல்லாம் எழுத்துச் சான்று வேண்டும். இருபது கோழி வளர்ப்பவர்க்கு இச்சுமை எத்தகையது என்பதை விளக்க வேண்டுவதில்லை.

பேராக் மாநிலத்துச் சிறு உற்பத்தியாளர்க்கு இவ்வேட்டுத் தொல்லை புதியதன்று. அது ரப்பரோடு வந்தது.

1877ஆம் ஆண்டில் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பெருந்தோட்டங்கள் எழுந்தன. பால்வெட்டத் தமிழகத்து மக்கள் கொண்டுவரப்பட்டனர். தோட்டங்களின் அருகிலேயே மலாய்க்காரரும் சீனரும், சிறுபான்மையாகத் தமிழரும் சில ஏக்கர்ச் சிறுதோட்டங்களை உண்டாக்கினர். முதல் உலகப் போருக்குப்பின் ரப்பர் விலை வீழ்ந்தபோது, 1922 நவம்பரில் ஸ்டீவன்சன் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொருவரும் எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்பதற்கு முந்தைய விளைச்சலே அளவுகோலாயிற்று. பெருந்தோட்டத்தில் கிராணி எழுதிய கணக்கு இருந்தது. சிறுதோட்டக்காரரிடம் மரம் இருந்தது, பாலும் இருந்தது, ஏடு இல்லை. அதிகாரிகள் அவருடைய விளைச்சலை ஏக்கருக்கு இவ்வளவு எனத் தாமே மதிப்பிட்டனர். அம்மதிப்பீடு உண்மைக்குக் குறைவாகவே அமைந்தது. 1928இல் அத்திட்டம் முடிவுற்றது. 1934இல் பன்னாட்டு ஒப்பந்தத்தின் வழியே பங்கீடு மீண்டும் வந்தது. மரத்தைச் சீவாமலே கூப்பனை விற்றுக் காசாக்கியோரும் அக்காலத்தில் உண்டு. 1946இல் சிறுதோட்டங்களை நேரில் ஆய்ந்த பொருளியலறிஞர் பி. டி. பௌவர், சிறுதோட்டக்காரர்க்கு நேர்ந்த இக்குறைமதிப்பை வெளிப்படையாகவே கண்டித்தார்.

தரப்படுத்தல் மற்றொரு வாயில். புகையூட்டிய ரப்பர்த் தகடுகள் ஒன்றுமுதல் ஐந்துவரை தரம் பிரிக்கப்பட்டன. நிறம், குமிழ், பூஞ்சை, தூசு ஆகியவற்றைக் கண்ணால் பார்த்தே தரம் கூறப்பட்டது. ரப்பரின் உள்ளியல்பை இப்பார்வை அளந்ததென்று கூறவியலாது. புகைக்கூடமில்லாதவர் தகட்டைக் காற்றில் உலர்த்தி ஊர்க் கடைக்காரரிடம் கொடுத்தார். தரம் சொன்னவரும் அவர். விலை சொன்னவரும் அவரே.

1965இல் மலேசியத் தர ரப்பர்த் திட்டம் தொடங்கப்பெற்றது. கண்ணுக்குப் பதிலாக ஆய்வுக்கூடம் வந்தது. அழுக்கு, சாம்பல், நைட்ரஜன் ஆகியவற்றின் அளவுகள் சான்றிதழில் இடம்பெற்றன. நேர்மையான முறைதான். மட்டமெனக் கருதப்பட்ட கட்டிப்பாலும் முத்திரை பெற்ற ரப்பராகலாம் என்பதை அது மெய்ப்பித்தது. ஆயினும் முத்திரை ஆலைக்கே உரியதாயிற்று. கட்டிப்பாலில் உலர் ரப்பர் எவ்வளவு என்பதை வாங்குவோர் குத்துமதிப்பாகச் சொல்ல, விற்பவர் அதனை ஏற்கவேண்டியிருந்தது. 1973இல் அமைந்த ரிஸ்டா போன்ற நிறுவனங்கள் இந்நிலையை ஓரளவு தணித்தன.

இதற்கிடையில், 1950களிலும் 60களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டன. வேலையிழந்த தமிழர்க்காகச் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளரின் சிறு சேமிப்பு திரண்டு தோட்டங்களாயிற்று. தனியொருவர் எழுத இயலாத கணக்கைச் சங்கம் எழுதியது.

எனினும் பழைய லயங்களில் கோழியும் கீரையும் வளர்த்தோர் பலர்க்கு நிலத்தில் பெயர் இருந்ததில்லை. 2001இல் வெளிவந்த மலேசிய இயற்கை வேளாண்மைத் தரநிலை எம்.எஸ். 1529 தாவர உணவுகளுக்கே உரியது. முட்டை அதன் எல்லைக்குள் வாராது. அண்டை வீட்டார்க்கு விற்கும்வரை ‘கம்போங் முட்டை’ என்னும் சொல்லே போதும். பேரங்காடியோ தாள் கேட்கும்.

இந்தியாவில் பங்கேற்பு உறுதியளிப்பு முறை என ஒன்றுண்டு. அதில் சிறு உழவர்கள் குழுவாகக் கூடி, ஒருவர் நிலத்தை மற்றொருவர் பார்வையிட்டுச் சான்று கூறுகின்றனர். அங்கும் குறிப்பேடு உண்டு. ஆனால் அதைப் படிப்பவர் பக்கத்து வயல்காரர். பேராக்கின் பழைய தோட்டப்புறங்களில் அத்தகைய குழு அமையுமாயின், அதன் முதற் பக்கத்தில் எழுதப்பட வேண்டியது கோழிகளின் எண்ணிக்கையன்று. அவை மேயும் நிலம் எவர் பெயரில் உள்ளது என்பதே.