‘நாளைக்கு தடை வந்துட்டா?’ அமெரிக்க கடைகளில் தோட்டா காலியானது ஏன்? சட்டமே வராமல் பதுக்கல் நடந்த கதை!

ரேஷன் கடையில் சர்க்கரை அளந்து கொடுப்பது நமக்குத் தெரியும். ஆனால் 2013 ஜனவரியில் அமெரிக்காவின் வால்மார்ட் கடைகளில் அளந்து கொடுத்தது துப்பாக்கி தோட்டாவை! ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு நாளைக்கு மூன்று பெட்டி மட்டும்தான் என்று கட்டுப்பாடு போட்டார்கள்.

அப்போது அமெரிக்க மண்ணில் போர் எதுவும் நடக்கவில்லை. தோட்டாவைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றவும் இல்லை. ‘தடை வரப்போகுது’ என்ற பயம் ஒன்றே நாடு முழுவதும் கடைகளின் ஷெல்ஃப்களைக் காலி செய்தது. 2008, 2013, 2015, 2020 என இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. ஏன் இப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

எங்கே தொடங்கியது?

அமெரிக்க அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தம் 1791ல் வந்தது. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பேசுவது இதுதான். வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்துக்கொள்வது தனிமனித உரிமை என்று 2008 ஜூனில் அந்நாட்டு உச்சநீதிமன்றமும் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

அதே ஆண்டு நவம்பரில் பராக் ஒபாமா அதிபர் தேர்தலில் வென்றார். ராணுவ பாணி ரைஃபிள்களுக்கு முன்பு இருந்த தடையை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. ‘பதவிக்கு வந்ததும் கை வைப்பார்’ என்ற பேச்சு துப்பாக்கி வைத்திருப்போரிடையே பரவியது.

விளைவு? துப்பாக்கி வாங்குவோர் மீதான எஃப்பிஐயின் பின்னணி சோதனை 2007 நவம்பரில் சுமார் 10.8 லட்சமாக இருந்தது. 2008 நவம்பரில் அது 15 லட்சத்தைத் தாண்டியது. துப்பாக்கி வாங்கியவர்கள் தோட்டாவையும் சேர்த்தே வாங்கினார்கள். 2009 முழுக்கப் பல கடைகளில் ‘ஸ்டாக் இல்லை’ போர்டுதான்.

நிலைமையை மாற்றிய சாண்டி ஹூக்

2012 டிசம்பர் 14. கனெக்டிகட் மாநிலம் நியூடவுனில் உள்ள சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளிக்குள் இளைஞர் ஒருவர் துப்பாக்கியுடன் நுழைந்தார். ஐந்து நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் 150க்கும் மேற்பட்ட முறை சுட்டார். 20 குழந்தைகளும், பள்ளியில் பணியாற்றிய 6 பேரும் உயிரிழந்தனர். அவர் பயன்படுத்தியது ஏஆர்-15 ரகத்தைச் சேர்ந்த ரைஃபிள். தோட்டாக்களை அடைத்து வைக்கும் மேகசின் ஒவ்வொன்றும் 30 தோட்டா கொள்ளளவு கொண்டது.

நாடே உலுக்கப்பட்டது. 2013 ஜனவரி 16ஆம் தேதி ஒபாமா தனது திட்டத்தை அறிவித்தார். துப்பாக்கி வாங்கும் எல்லோருக்கும் பின்னணி சோதனை, ராணுவ பாணி ரைஃபிள்களுக்குத் தடை, மேகசினில் அதிகபட்சம் 10 தோட்டா. இவைதான் முக்கிய அம்சங்கள்.

கவனிக்க வேண்டிய விஷயம், இந்தப் பட்டியலில் சாதாரண தோட்டாவுக்குத் தடை இல்லை. ஆனாலும் மக்கள் காத்திருக்கவில்லை. 2012 டிசம்பரில் மட்டும் சுமார் 27.8 லட்சம் பின்னணி சோதனைகள் நடந்தன. 2013 முழுவதும் சேர்த்து 2.1 கோடி.

‘முன்னாடியே வாங்கிடணும்’ என்ற எண்ணம் ஏன்?

இதற்குப் பின்னால் ஒரு பழைய அனுபவம் இருக்கிறது. 1994 செப்டம்பரில் அதிபர் பில் கிளின்டன் காலத்தில் ராணுவ பாணி ரைஃபிள்களுக்கும், 10க்கு மேல் தோட்டா பிடிக்கும் புதிய மேகசின்களுக்கும் தடை வந்தது. 10 ஆண்டுகளுக்கு மட்டும் என்று நிபந்தனை போட்ட சட்டம் அது. 2004 செப்டம்பரில் காலாவதியானது.

அந்தச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருந்தது. தடை வருவதற்கு முன்பே வாங்கியதை வைத்துக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். அதனால் பழைய மேகசின்களின் விலை ஏறியது. முன்கூட்டியே வாங்கி வைத்தவர்களுக்கு லாபம், பொறுமையாக இருந்தவர்களுக்கு நஷ்டம்.

இந்தப் பாடத்தை துப்பாக்கி வைத்திருப்போர் மறக்கவில்லை. தோட்டாவை ஈரமில்லாத, சூடில்லாத இடத்தில் வைத்தால் பல பத்தாண்டுகள் கெடாது என்பதும் பதுக்கலுக்கு வசதியாகப் போனது.

இன்னொரு காரணம் கூட்ட மனநிலை. நள்ளிரவு முதல் பெட்ரோல் விலை ஏறுதுன்னு செய்தி வந்தா, அரை டேங்க் இருக்கிறவரும் பங்க் வாசல்ல போய் நிற்பாரில்லையா? அதேதான். தடை வரும் என்று நம்பாதவர்கூட, ‘எல்லாரும் வாங்கறாங்க, நமக்குக் கிடைக்காம போயிடும்’ என்று வாங்கினார்.

தோட்டா வாங்க விதிமுறை என்ன?

அமெரிக்க மத்திய சட்டப்படி கடையில் துப்பாக்கி வாங்க பின்னணி சோதனை கட்டாயம். தோட்டா வாங்க அது தேவையில்லை. ரைஃபிள் தோட்டா என்றால் 18 வயது, கைத்துப்பாக்கி தோட்டா என்றால் 21 வயது நிரம்பியிருந்தால் கடைக்காரர் விற்கலாம். கடும் குற்ற வழக்குகளில் தண்டனை பெற்றவர்கள் உள்ளிட்ட சிலர் தோட்டா வைத்திருக்கக் கூடாது. மற்றவர்கள் எத்தனை வைத்திருக்கலாம் என்பதற்கு மத்திய சட்டத்தில் உச்சவரம்பு இல்லை.

1968ல் வந்த சட்டம் தோட்டா விற்பனையைப் பதிவேட்டில் எழுத வேண்டும், தபாலில் அனுப்பக் கூடாது என்றெல்லாம் சொன்னது. 1986ல் அந்தக் கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவை நீக்கப்பட்டன. இன்று பல மாநிலங்களில் ஆன்லைனில் ஆர்டர் செய்தால் வீட்டு வாசலுக்கே வந்துவிடும்.

2012 ஜூலையில் கொலராடோவின் அரோரா தியேட்டரில் 12 பேரைக் கொன்றவர், அதற்கு முன் இணையத்தில் 6 ஆயிரத்துக்கும் அதிகமான தோட்டாக்களை வாங்கியிருந்தார். ‘இவ்வளவு வாங்கியும் யாருக்கும் தெரியாதா?’ என்று கட்டுப்பாட்டை ஆதரிப்போர் கேட்டது அதன் பிறகுதான்.

எதிர்த்தரப்பின் பதில் வேறு. வார இறுதியில் குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்குப் போகிறவர் ஒரே நாளில் சில நூறு தோட்டாக்களைச் செலவழித்துவிடுவார். எனவே ஆயிரக்கணக்கில் வாங்குவதைக் குற்றத்தின் அடையாளமாகப் பார்க்கக் கூடாது என்கிறார்கள்.

அதிகம் காணாமல் போனது எது?

.22 எல்.ஆர் என்ற குட்டித் தோட்டா. சிறுவர்களுக்குச் சுடக் கற்றுக்கொடுக்க, முயல் வேட்டைக்கு என அமெரிக்க கிராமங்களில் சர்வசாதாரணமாகப் புழங்குவது. 500 தோட்டா கொண்ட பெட்டியை அங்கே ‘செங்கல்’ என்றே சொல்வார்கள். தட்டுப்பாட்டுக்கு முன் ஒரு செங்கல் சுமார் 20 டாலர், அதாவது ஒரு தோட்டா 4 சென்ட்.

2013ல் அந்த விலை இரண்டு, மூன்று மடங்காகியது. லாரி வரும் நேரம் தெரிந்துகொண்டு விடியற்காலையிலேயே கடை வாசலில் நின்று, மொத்தத்தையும் வாங்கி கூடுதல் விலைக்கு விற்றவர்களும் இருந்தார்கள். ராணுவ பாணி ரைஃபிளுக்கும் இந்தத் தோட்டாவுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் இதன் தட்டுப்பாடு மற்ற ரகங்களை விட நீண்ட காலம் நீடித்தது.

காரணம் அதன் அமைப்பு. பெரிய தோட்டாக்களில் தீப்பொறி உண்டாக்கும் பிரைமர் தனியாக அடியில் நடுவில் இருக்கும். சுட்ட பிறகு பித்தளை உறையை எடுத்து, புது பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்து வீட்டிலேயே திரும்பத் தயாரிக்கலாம். .22 தோட்டாவில் பிரைமர் மருந்து உறையின் விளிம்புக்குள்ளேயே இருக்கும். சுடும்போது அந்த விளிம்பு நசுங்கிவிடுவதால் மறுபடி பயன்படுத்த முடியாது. கடையில் இல்லை என்றால் இல்லைதான்.

கம்பெனிகள் கூடுதலாகத் தயாரிக்க முடியாதா?

தயாரித்தார்கள். ஷிஃப்ட்டைக் கூட்டினார்கள், இரவு பகலாக இயந்திரம் ஓடியது. ஆனாலும் போதவில்லை.

பிரைமர் செய்வது ஆபத்தான வேலை. லேசான அதிர்ச்சியிலேயே வெடிக்கும் ரசாயனத்தைக் கையாள வேண்டும். அமெரிக்காவில் இதைப் பெரிய அளவில் தயாரிப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்கள்தான். இன்னொன்று, புதிய ஃபேக்டரி கட்ட பெரும் முதலீடும் காலமும் வேண்டும். கட்டி முடிப்பதற்குள் பயம் தணிந்துவிட்டால்? அந்தத் தயக்கம் உற்பத்தியாளர்களுக்கு எப்போதும் உண்டு.

‘அரசே வாங்கிப் பதுக்குது’: அது உண்மையா?

2013ல் வேகமாகப் பரவிய வதந்தி இது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 160 கோடி தோட்டாக்களை வாங்குகிறது, மக்களுக்குக் கிடைக்கக் கூடாது என்பதே திட்டம் என்றார்கள்.

நாடாளுமன்றத்துக்கான தணிக்கை அமைப்பு இதை ஆராய்ந்து 2014 தொடக்கத்தில் அறிக்கை வெளியிட்டது. அந்தத் துறை ஆண்டுக்குச் சராசரியாக 11 கோடி தோட்டாக்களை வாங்கியிருந்தது. எல்லைக் காவல், குடியேற்றத் துறை என ஆயுதம் ஏந்தும் பல்லாயிரம் அதிகாரிகளின் பயிற்சித் தேவையோடு அது பொருந்துகிறது என்று அறிக்கை சொன்னது. ஆனால் அதற்குள் வதந்தி தன் வேலையை முடித்திருந்தது.

கடைசியில் தடை வந்ததா?

மத்திய அளவில் வரவில்லை. 2013 ஏப்ரல் 17ஆம் தேதி செனட்டில் பின்னணி சோதனையை விரிவாக்கும் திருத்தத்துக்கு 54 வாக்குகள் கிடைத்தன. தேவைப்பட்டது 60. ராணுவ பாணி ரைஃபிள் தடைக்கு 40 வாக்குகள்தான். மேகசின் கட்டுப்பாடும் தோற்றது.

அதற்காகப் பயம் முழுக்கக் கற்பனை என்றும் சொல்லிவிட முடியாது. மாநிலங்கள் செய்து காட்டின. நியூயார்க் 2013 ஜனவரியிலேயே கடும் சட்டம் கொண்டுவந்தது. கனெக்டிகட் ஏப்ரலில் 10 தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் மேகசின் விற்பனையைத் தடை செய்தது. கொலராடோ ஜூலை 1 முதல் 15 தோட்டா வரம்பு வைத்தது. அந்த மாநிலத்தில் இயங்கிய மேக்புல் என்ற மேகசின் நிறுவனம் வயோமிங், டெக்சாஸுக்கு இடம்பெயர்ந்தது.

2015 பிப்ரவரியில் தோட்டா மீதே நேரடியாகக் கை வைக்கும் முயற்சி ஒன்று நடந்தது. ஏஆர்-15ல் பயன்படும் எம்855 என்ற, முனையில் பச்சை வண்ணம் பூசிய தோட்டாவை, கவசம் துளைக்கும் தோட்டாக்களுக்கான கட்டுப்பாட்டின் கீழ் கொண்டுவர மத்திய அரசின் ஆயுதக் கட்டுப்பாட்டு முகமை யோசனை வெளியிட்டது. அந்தத் தோட்டா உடனே கடைகளில் பறந்தது. 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் குவிந்ததால், மார்ச் 10ஆம் தேதி யோசனை கைவிடப்பட்டது. ஒரு மாதம்கூட ஆகவில்லை.

பயம் போனால் வியாபாரமும் போகும்!

2016 தேர்தலில் துப்பாக்கி உரிமையை ஆதரித்த டொனால்டு டிரம்ப் வென்றார். ‘இனி தடை வராது’ என்ற நிம்மதி வந்ததும் அவசரமும் போனது. 2016ல் 2.75 கோடியாக இருந்த பின்னணி சோதனை 2017ல் 2.52 கோடியாகக் குறைந்தது. ஏற்கெனவே கடன் சுமையில் இருந்த, 200 ஆண்டு பாரம்பரியம் கொண்ட ரெமிங்டன் நிறுவனம் 2018ல் திவால் மனு கொடுத்தது. துப்பாக்கிக்கு ஆதரவான அதிபர் வந்தால் துப்பாக்கி கம்பெனிக்குக் கஷ்டம் என்பது அந்த ஊர் விசித்திரம்.

2020ல் கதை மீண்டும் திரும்பியது. கொரோனா, ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிந்தைய போராட்டங்கள், அதிபர் தேர்தல் என மூன்றும் ஒன்றாக வந்தன. பின்னணி சோதனை 3.97 கோடியை எட்டியது. முதல்முறை துப்பாக்கி வாங்கியவர்கள் பல லட்சம் பேர். சுமார் 20 சென்ட்டுக்குக் கிடைத்த 9 எம்எம் தோட்டா 50 சென்ட்டைத் தாண்டியது. அதே ஆண்டு ரெமிங்டன் இரண்டாவது முறையாகத் திவாலாகி, அதன் தோட்டா ஆலை கைமாறியது. தேவை உச்சத்தில் இருந்தபோது நாட்டின் பெரிய ஆலைகளில் ஒன்று திண்டாடிக்கொண்டிருந்தது.

யாருக்கு லாபம்? யாருக்கு இழப்பு?

எதிர்பாராத லாபம் காட்டு விலங்குகளுக்கு! 1937ஆம் ஆண்டு சட்டப்படி ரைஃபிள், தோட்டா விற்பனையில் 11 சதவீத வரி வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. பதுக்கல் காலத்தில் அந்த நிதியும் எகிறியது. 2014ல் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது சுமார் 76 கோடி டாலர்.

இழப்பு? உள்ளூர் காவல் துறைகள் பலவற்றுக்கு ஆர்டர் செய்த தோட்டா மாதக்கணக்கில் வரவில்லை. சில இடங்களில் சுடும் பயிற்சியைக் குறைத்தார்கள்.

அதைவிடப் பெரிய இழப்பை வெல்லஸ்லி கல்லூரியின் பொருளாதார ஆய்வாளர்கள் பிலிப் லெவின், ராபின் மெக்நைட் இருவரும் கணக்கிட்டார்கள். 2017 டிசம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான அவர்களின் ஆய்வுப்படி, சாண்டி ஹூக் சம்பவத்தை அடுத்த சில மாதங்களில் வழக்கத்தைவிட சுமார் 30 லட்சம் துப்பாக்கிகள் கூடுதலாக விற்றன. வீட்டில் துப்பாக்கியை வாங்கி வைத்ததும், பூட்டி வைத்திருந்ததை வெளியே எடுத்ததுமாக அந்தக் காலத்தில் தவறுதலாகச் சுடப்பட்டு கூடுதலாக இறந்தவர்கள் சுமார் 60 பேர். அவர்களில் குழந்தைகள் சுமார் 20.

பள்ளிக்குள் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கையும் 20தான்.

இப்போது நிலைமை என்ன?

2022 ஜூனில் அதிபர் பைடன், ஏறக்குறைய 30 ஆண்டுகளில் வந்த முதல் பெரிய துப்பாக்கி சட்டத்தில் கையெழுத்திட்டார். 21 வயதுக்குக் குறைவானவர்கள் துப்பாக்கி வாங்கும்போது கூடுதல் சோதனை என்றது அது. மேகசினுக்கோ தோட்டாவுக்கோ அதில் தடை கிடையாது.

மாநிலங்கள் தனி வழியில் போகின்றன. கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் ஒவ்வொரு முறை தோட்டா வாங்கும்போதும் பின்னணி சோதனை என்று கொண்டுவந்தது. அதை எதிர்த்து வழக்கும் தொடரப்பட்டது. 2024 ஜூலை முதல் அங்கே 11 சதவீத மாநில வரியும் சேர்ந்திருக்கிறது. நியூயார்க்கில் தோட்டாவுக்கான சோதனை 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.

ஆக, ஒவ்வொரு பெரிய துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகும் ‘கட்டுப்பாடு வேண்டும்’ என்ற குரல் எழும்போது, கடை வாசலில் வரிசையும் சேர்ந்தே எழுகிறது. சட்டம் பெரும்பாலும் செனட்டில் நின்றுவிடுகிறது. வாங்கிய தோட்டா மட்டும் வீட்டு அலமாரியில் இருக்கிறது, பல பத்தாண்டுகள் கெடாமல்.