சரக்குக்குத் திறந்த எல்லை
அத்தியாயம் 7: முகமூடியும் இரும்பு வேலியும்

விடிவதற்குள் சான் கிறிஸ்டோபல் நகர மண்டபத்தைப் பிடித்துக்கொண்ட அந்த முகமூடிக்காரர்கள் யார் என்ற கேள்வியோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன்.

அவர்கள் மெக்சிகோவின் சியாபாஸ் மலைக்காட்டின் மாயா குடியானவர்கள். சபாட்டிஸ்டாக்கள் என்று தங்களை அழைத்துக்கொண்டார்கள். சிலர் தூக்கி வந்தது மரத்தில் செதுக்கிய துப்பாக்கி! நாளையும் யோசித்தே குறித்திருந்தார்கள். 1994 ஜனவரி 1. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் செய்துகொண்ட நாஃப்டா வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த நாள் அது.

உயிரைப் பணயம் வைக்கும் அளவுக்கு அதில் என்ன இருந்தது?

முதலில் நிலம். எஹிடோ எனப்படும் ஊர்ப் பொதுநிலத்தை யாரும் விற்க முடியாது என்ற காப்பு, புரட்சியில் பிறந்த 1917 அரசியல் சட்டத்தின் 27ஆம் பிரிவில் வேர்கொண்டது. ஒப்பந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே, 1992இல், ஜனாதிபதி சலினாஸ் அந்தப் பிரிவைத் திருத்தி விற்பனைக்கு வழிவிட்டார்.

அடுத்தது மக்காச்சோளம். சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் காட்டுப்புல்லிலிருந்து அதைப் பயிராக்கியதே இந்த மண்தான். மானாவாரியில் இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருந்தவன், அரசு மானியத்தோடு இயந்திரம் ஓட்டிய அயோவா விவசாயியோடு இனி விலையில் மோத வேண்டும். ஒப்பந்தம் 15 ஆண்டு அவகாசம் தந்தது உண்மை. முதல் ஆண்டில் 25 லட்சம் டன்வரை வரியில்லை; அதற்கு மேல் வந்தால் கடும் வரி. பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: 1996இல் இதைப்போல் இருமடங்குக்கும் மேல் வந்து இறங்கியது. வரியை மெக்சிகோ அரசே வசூலிக்கவில்லை. தன் குடியானவனுக்குத் தானே எழுதிக்கொடுத்த பாதுகாப்பை ஓர் அரசு இப்படிக் கைகழுவியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

விளைச்சல் விலைபோகாதவன் எங்கே போவான்? வடக்கே. ஒப்பந்தம் வந்தால் ஆட்களுக்குப் பதிலாகச் சரக்கு போகும் என்று சலினாஸ் வாக்களித்திருந்தார். வாஷிங்டனும் அதையே சொன்னது. ஆனால் 1994 அக்டோபர் 1 அன்று, சான் டியாகோ எல்லையில் கிளிண்டன் அரசு ‘ஆபரேஷன் கேட்கீப்பர்’ நடவடிக்கையைத் தொடங்கியது. ரோந்துப் படை பெருகியது. வியட்நாம் போரில் விமானத் தளம் அமைக்கப் பயன்பட்ட இரும்புத் தகடுகள் ஏற்கெனவே அங்கே வேலியாக நின்றன. நகர வழி அடைபட்டதும் ஜனங்கள் கிழக்கே மலைக்கும் பாலைவனத்துக்கும் திரும்பினார்கள். அந்த வழிகளில் பின்வந்த ஆண்டுகளில் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

இத்தனைக்கும் பெரிய இடி இன்னும் விழவில்லை.

டிசம்பர் 1 அன்று செடியோ ஜனாதிபதியானார். ஆண்டின் தொடக்கத்தில் 2,900 கோடி டாலரைத் தொட்ட மெக்சிகோவின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு, பாதிக்கும் கீழே வடிந்திருந்தது. நாட்டு மக்களுக்கு அது தெரியாது. டிசம்பர் 19 இரவு, தொழிலதிபர்களையும் தொழிற்சங்கத் தலைவர்களையும் அரசு அவசரமாகக் கூட்டியது. நாட்டு நாணயமான பெசோவின் மதிப்பைக் குறைக்கப்போகும் செய்தி அந்த அறையில் உடைந்தது. அறிவிப்பு மறுநாள் காலையில்தான். கேட்டவர்களோ, கோடிகளைக் கையாண்டவர்கள்.

சந்தை திறக்கச் சில மணி நேரமே இருந்தது. அதற்குள் என்ன நடந்தது?

(அடுத்த வாரம்)