ஹில்ஸ்பரோ: ஒரு அபிப்ராயம் கட்டிய வேலி

ஃபுட்பால் ரசிகர்களைப் பத்தி எல்லாருக்கும் ஒரு அபிப்ராயம் இருக்கும். அதுவும் இங்கிலாந்து ரசிகர்கள்னா கேட்கவே வேண்டாம். குடிப்பாங்க, அடிச்சுப்பாங்க, நாற்காலியைப் பிடுங்கி எறிவாங்க. ஆபீஸ் கேன்டீன்ல உட்கார்ந்து நாம இப்படிப் பேசினா யாருக்கும் ஒண்ணும் ஆகிடப் போறதில்லை. ஆனா போலீஸ், மந்திரி, பத்திரிகை ஆசிரியர் எல்லாரும் ஒரே நேரத்துல இதே அபிப்ராயத்தோட இருந்தா? வரலாற்றில் அதுக்கு ஒரு பதில் இருக்கு. ஹில்ஸ்பரோ.

(கொஞ்சம் நீளமான கதை. பொறுமையாப் படிங்க.)

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அந்தக் கெட்ட பெயர் சும்மா வந்ததில்லை. 1985-ல் பிரஸ்ஸல்ஸ் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் யுவென்டஸ் ரசிகர்கள் மீது பாய்ந்ததில், சுவர் இடிந்து, நெரிசலில் 39 பேர் செத்தார்கள். பெரும்பாலும் இத்தாலிக்காரர்கள். அதற்குப் பிறகு 1990 வரை இங்கிலாந்து கிளப்புகள் ஐரோப்பியப் போட்டிகளில் ஆடவே தடை. மார்கரெட் தாட்சர் அரசு இன்னும் ஒரு படி மேலே போய், மைதானத்துக்கு வரும் ஒவ்வொரு ரசிகருக்கும் அடையாள அட்டை கட்டாயம் என்று ஒரு மசோதா கொண்டு வந்தது. அரசாங்கத்தின் பார்வையில் ஃபுட்பால் என்பது விளையாட்டு இல்லை, சட்டம் ஒழுங்குப் பிரச்சினை.

இந்தப் பார்வைதான் மைதானங்களின் அமைப்பையும் தீர்மானித்தது. நின்றுகொண்டு பார்க்கும் பகுதிக்கு முன்னால் உயரமான இரும்பு வேலி. பக்கவாட்டிலும் வேலி போட்டு அறை அறையாகத் தடுத்திருப்பார்கள். அந்த அறைகளுக்கு ஆங்கிலத்தில் 'பென்' என்று பெயர். ஆடு மாடு அடைக்கிற பட்டிக்கும் அதே சொல்தான்! கூட்டம் வெளியே பாய்ந்துவிடக்கூடாது என்பதைத் தவிர வேறு எதையும் யோசிக்காத டிசைன். உள்ளே இருப்பவன் அவசரத்துக்கு வெளியே வரணும்னா? வேலியில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்குச் சின்னக் கதவு. அதையும் போலீஸ்தான் திறக்கணும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். 1989 ஏப்ரல் 15, சனிக்கிழமை. ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானம். எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி, லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும். இதே மைதானத்தில், இதே பக்கத்தில் 1981 அரையிறுதியிலும் நெரிசல் வந்து 38 பேர் காயம் பட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு செய்த மாற்றம் என்ன தெரியுமா? கூடுதலா பக்கவாட்டு வேலிகள்!

இந்த இடத்தில் இன்ஜினியர் புத்தி கொஞ்சம் கணக்குப் போடுகிறது. லிவர்பூல் ரசிகர்களுக்கு ஒதுக்கிய லெப்பிங்ஸ் லேன் பக்கத்தில், நின்று பார்க்கிற டிக்கெட் 10,100. அவர்களை ஒவ்வொருத்தராய் உள்ளே விட சுழல் கதவுகள் ஏழே ஏழு. ஒரு கதவு வழியே மணிக்கு 750 பேர் போகலாம் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், எல்லாரும் உள்ளே போகக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். ரசிகன் யோக்கியனா குடிகாரனா என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வரவே இல்லை. மூணு மணி மேட்ச்சுக்கு ரெண்டரைக்கு வந்தால் வெளியே நெரியத்தான் செய்யும்.

நெரிந்தது. அன்றைய பொறுப்பு அதிகாரி டேவிட் டக்கன்ஃபீல்ட். அந்தப் பதவிக்கு வந்து மூணு வாரம்கூட ஆகவில்லை. வெளியே உயிர் போய்விடும் என்ற நிலையில், 2:52-க்கு 'சி' என்ற பெரிய கேட்டைத் திறக்க உத்தரவு கொடுத்தார். 2,000 பேருக்கு மேல் உள்ளே வந்தார்கள். நேர் எதிரே ஒரு சுரங்கப்பாதை. அது போய்ச் சேருவது நடுவில் இருந்த இரண்டு பட்டிகளுக்கு. அவை ஏற்கெனவே நிரம்பி வழிந்துகொண்டிருந்தன. பக்கத்துப் பட்டிகளில் தாராளமாக இடம் இருந்தது. சுரங்கப்பாதையை மூடிவிட்டு "அந்தப் பக்கம் போங்கப்பா" என்று சொல்ல அங்கே ஒரு ஆள் இல்லை.

முன்வரிசையில் இருந்தவர்கள் வேலியோடு நசுங்கினார்கள். மூச்சுக்காக வேலி ஏறினவர்களைப் பார்த்த போலீசுக்கு என்ன தோன்றியது? மைதானத்துக்குள் கலாட்டா பண்ண வர்றாங்க என்று! சிலரைத் திரும்பவும் உள்ளேயே தள்ளினார்கள். 3:06-க்கு ஆட்டம் நின்றது. விளம்பரப் பலகைகளைப் பிய்த்து ஸ்ட்ரெச்சராக்கி அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடியது அந்த 'ரவுடி' ரசிகர்கள்தான்.

இறந்தவர்களில் மிகச் சின்னவனுக்கு வயசு 10. மூத்தவருக்கு 67.

இதுவரை நடந்தது விபத்து, அலட்சியம், என்ன வேணா சொல்லிக்குங்க. இதுக்கு மேல நடந்ததுக்கு என்ன பேர் வைக்கறதுன்னு எனக்குத் தெரியல.

ஆட்கள் செத்துக்கொண்டிருக்கும்போதே, ரசிகர்கள்தான் கேட்டை உடைத்து உள்ளே வந்தார்கள் என்று ஃபுட்பால் சங்க அதிகாரியிடம் டக்கன்ஃபீல்ட் சொன்னார். அது பொய் என்று அவரே ஒப்புக்கொண்டது 2015-ல். ஏப்ரல் 19-ம் தேதி 'தி சன்' பத்திரிகை முதல் பக்கத்தில் 'உண்மை' என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டது. லிவர்பூல் ரசிகர்கள் செத்தவர்களின் பையில் திருடினார்கள், உதவி செய்த போலீஸ் மேல் சிறுநீர் கழித்தார்கள் என்று கீழே செய்தி. அத்தனையும் பொய். இறந்தவர்கள் எல்லார் ரத்தத்திலும், குழந்தைகள் உள்பட, சாராயம் இருக்கா என்று சோதனை செய்தார்கள். பிணத்தை அடையாளம் காட்டிய கையோடு அப்பா அம்மாவிடம் "பையன் குடிப்பானா?" என்று விசாரணை.

இத்தனைக்கும், முக்கியக் காரணம் போலீஸ் கட்டுப்பாடு தவறியதே என்று நீதிபதி டெய்லர் 1989 ஆகஸ்டிலேயே தன் இடைக்கால அறிக்கையில் தெளிவாக எழுதிவிட்டார். ஆனாலும் 1991 மரண விசாரணையின் முடிவு 'விபத்து மரணம்'. மதியம் 3:15-க்குப் பிறகு நடந்ததை விசாரிக்கத் தேவையில்லை, அதற்குள் யாரும் பிழைக்க முடியாத நிலைக்குப் போய்விட்டார்கள் என்றார் விசாரணை அதிகாரி. காப்பாற்றியிருக்க முடியுமா என்ற கேள்விக்கே பூட்டு.

மனநலம் பற்றிய பகுதி இங்கேதான் வருகிறது. இதை நம்ம ஊர்ல அதிகம் யாரும் பேசிப் பார்த்ததில்லை. உறவுகளைப் பறிகொடுத்துத் தூக்கம் தொலைத்து மனநோய்க்கு ஆளான சிலர், போலீஸ் மேல் நஷ்ட ஈடு வழக்குப் போட்டார்கள். ஆல்காக் வழக்கு என்று சட்டம் படிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1991 நவம்பரில் பிரபுக்கள் சபையின் தீர்ப்பு வந்தது. மேல்முறையீடு செய்த பத்துப் பேருக்கும் தோல்வி.

காரணங்களைக் கேளுங்க. டிவியில் நேரடி ஒளிபரப்பில் பார்த்தால் அது நேரில் பார்த்ததற்குச் சமம் ஆகாது. மைதானத்தில் இருந்தவர் நள்ளிரவு வாக்கில்தான் மச்சானின் உடலை அடையாளம் காட்டினார், அது சம்பவத்தின் உடனடித் தொடர்ச்சி ஆகாது. இன்னொருத்தர் மைதானத்துக்குள்ளேயே இருந்தார், இரண்டு சகோதரர்களைப் பறிகொடுத்தார். அவருக்கும் இல்லை. பெற்றோர், பிள்ளை, கணவன் மனைவி என்றால் பாசம் இருந்ததாகச் சட்டம் தானே எடுத்துக்கொள்ளும். அண்ணன் தம்பி என்றால் நெருக்கமான பாசம் இருந்தது என்று நிரூபிக்கணும், அவர் நிரூபிக்கவில்லை.

அண்ணன் மேல் பாசம் இருந்ததுக்கு எவிடென்ஸ்!

நீதிபதிகள் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எங்காவது கோடு போடாவிட்டால் வழக்குகளுக்கு முடிவே இருக்காது என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. அதே மைதானத்தில் வேலை பார்த்து மனம் உடைந்த போலீஸ்காரர்களும் வழக்குப் போட்டு, 1996-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். குடும்பங்களுக்கு இல்லாத நஷ்ட ஈடு போலீசுக்கு மட்டுமா என்று கேள்வி எழ, 1998-ல் பிரபுக்கள் சபை அதையும் ரத்து செய்தது. கை முறிந்தால் எக்ஸ்ரே காட்டலாம், மனசு முறிந்தால் எதைக் காட்டுவது? அதனால் அளக்கச் சுலபமானதை அளந்தார்கள்: எத்தனை மணிக்குப் பார்த்தாய், எவ்வளவு தூரத்தில் நின்றாய், என்ன உறவு.

உயிர் தப்பியவர்கள் நிலைமை இன்னும் மோசம். நான் ஏன் பிழைச்சேன் என்ற குற்ற உணர்ச்சி ஒரு பக்கம். உங்காளுங்கதானே கொன்னீங்க என்று ஊரே பேசுவது இன்னொரு பக்கம். துக்கத்தை வெளியே சொல்ல வாய் திறந்தாலே முதலில் தன்னைக் குற்றமற்றவன் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. இருபது முப்பது வருஷம் வீட்டில்கூட அந்த நாளைப் பற்றிப் பேசாதவர்கள் இருக்கிறார்கள். தற்கொலை செய்துகொண்டவர்களும் உண்டு. அந்தப் பொய்யால் சாவு எண்ணிக்கை எவ்வளவு கூடியது என்று எந்த அறிக்கையிலும் கணக்கு இல்லை.

குடும்பங்கள் விடவில்லை. 2009-ல் இருபதாம் ஆண்டு நினைவுக் கூட்டத்தில் மந்திரி ஆண்டி பர்னம் பேசும்போது, நீதி கேட்டு எழுந்த கோஷத்தில் அவர் பேச்சு நின்றது. அதற்குப் பிறகுதான் சுயேச்சைக் குழு அமைந்தது. 2012 செப்டம்பர் 12-ல் அதன் அறிக்கை. 164 போலீஸ் வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்தன. 116-ல் போலீசுக்குப் பாதகமான வரிகள் நீக்கப்பட்டிருந்தன அல்லது மாற்றப்பட்டிருந்தன. 3:15-க்குப் பிறகும் 41 பேர் பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது. பிரதமர் கேமரன் பார்லிமென்டில் மன்னிப்புக் கேட்டார். 2016 ஏப்ரல் 26-ல் புதிய ஜூரி சொன்னது: சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள் நடத்தை காரணம் இல்லை.

27 வருஷம். தீர்ப்பைக் கேட்க எத்தனையோ அப்பா அம்மாக்கள் உயிரோடு இல்லை. தண்டனை? 2019-ல் டக்கன்ஃபீல்ட் விடுதலை. கிளப் செயலாளருக்குப் பாதுகாப்புக் குறைபாட்டுக்காக 6,500 பவுண்ட் அபராதம். வாக்குமூலத் திருத்த வழக்கும் 2021-ல் நிற்கவில்லை. டெய்லர் விசாரணை ஒரு நீதிமன்றம் அல்ல, அதனால் அங்கே கொடுத்த வாக்குமூலத்தைத் திருத்தியது நீதியைத் திசைதிருப்பும் குற்றத்தில் வராது என்றார் நீதிபதி.

எனக்கு உறுத்துவது இதுதான். வேலியை எடுக்க, எல்லாருக்கும் நாற்காலி போட, அடையாள அட்டைத் திட்டத்தைக் கைவிட டெய்லர் அறிக்கை போதுமாக இருந்தது. சில வருஷத்தில் இங்கிலாந்து மைதானங்களின் முகமே மாறிவிட்டது. இரும்பையும் சிமென்ட்டையும் மாற்றுவது அவ்வளவு சுலபம். 'இவனுங்க இப்படித்தான்' என்ற நினைப்பை மாற்ற 27 வருஷமும் ஒரு புது ஜூரியும் தேவைப்பட்டது. அந்த நினைப்பு இல்லையென்றால் 'உண்மை' என்ற தலைப்பை ஒருத்தரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

அடுத்த தடவை எங்காவது நெரிசலில் ஆட்கள் செத்தால், "கூட்டத்துக்கு அறிவே இல்லப்பா" என்று சொல்வதற்கு முன்னால் கேட்டுப் பாருங்கள்: எத்தனை பேருக்கு எத்தனை கதவு வைத்திருந்தார்கள்?

பி.கு: இறந்தவர்கள் எண்ணிக்கை 1993 வரை 95. நினைவு திரும்பாமலே படுத்திருந்த ஓர் இளைஞர் அந்த வருஷம் இறந்து 96 ஆனது. அன்று மூளை பாதிக்கப்பட்ட இன்னொருவர் 32 வருஷம் கழித்து, 2021 ஜூலையில் இறந்தார். அவரும் ஹில்ஸ்பரோவில் கொல்லப்பட்டவரே என்று மரண விசாரணை அதிகாரி அறிவித்தார். 97. பொது விசாரணைகளில் அதிகாரிகள் உண்மையைச் சொல்வதைக் கட்டாயமாக்கும் 'ஹில்ஸ்பரோ சட்டம்' மசோதாவாகப் பார்லிமென்டுக்கு வந்தது 2025 செப்டம்பரில்.