பழவேற்காட்டுக் கரையூர்களில் குற்றமும் காவலும்

நகரத்துப் பேட்டை ஒன்றில் குடியேற எண்ணுபவர், அவ்விடம் பத்திரமானதா என்று விசாரிக்கையில், காவல் நிலையத்தில் பதிவான வழக்குகளின் தொகையையே பிரமாணமாகக் கொள்வது இக்காலத்து வழக்கமாகிவிட்டது; 1953ஆம் ஆண்டு தொட்டு மத்திய அரசாங்கம் தொகுத்துவரும் ‘இந்தியாவில் குற்றங்கள்’ என்னும் ஆண்டுத் தொகுப்பும் இவ்வழக்கத்திற்குச் சாஸ்திரீயமான ஒரு கௌரவத்தை அளித்திருக்கிறது. வழக்குப் பதிவு கூடுவது வேறு, குற்றம் கூடுவது வேறு என்று அத்தொகுப்பே எச்சரிப்பதையும், ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் சேர்ந்திருப்பின் அவற்றுள் மிகக் கொடியதை மட்டுமே அது எண்ணுவதையும் கவனிப்போர் சிலரே. சென்னைக்கு வடக்கே, பழவேற்காடு ஏரியின் கரையில், தோணிரேவு முதலாகப் பரந்து கிடக்கும் மீனவக் குடியிருப்புகளை இந்த அளவுகோலால் அளக்கப் புகுந்தால், அளவுகோலின் குறையே முதலில் வெளிப்படும். பதிவேட்டில் வழக்கு குறைந்திருப்பது அங்கே வேறொரு நியாயஸ்தலத்தின் வலிமைக்குச் சான்றேயன்றிக் குற்றமின்மைக்குச் சான்றாகாது என்பதும், அந்த ஸ்தலம் அளிக்கும் பாதுகாப்பு அதன் உறுப்பினரோடு நின்றுவிடுகிறது என்பதும் என் கட்சி.

அந்த நியாயஸ்தலம் ஊர்ப் பஞ்சாயத்து. சோழமண்டலக் கரையில் பட்டினவர் என்னும் மீனவச் சாதியாரின் குப்பங்களில் தலைக்கட்டு ஒன்றுக்கு ஓர் உரிமை, ஒரு வரி என்ற கணக்கில் அமைந்த இச்சபை, வலையை அறுத்தவனுக்கும், அடுத்தவன் இடத்தில் வலை கட்டியவனுக்கும், குடித்துவிட்டுக் கைகலந்தவனுக்கும் தண்டம் விதிக்கிறது. தண்டத்திற்கும் அடங்காதவரை ஊரை விட்டுத் தள்ளிவைக்கிறது. 2001இல் வெளிவந்த தம் நூலில் மார்டன் பாவின்க் என்னும் டச்சு அறிஞர் இவ்வதிகாரத்தை அரசாங்கச் சட்டத்திற்கு இணையாக நிற்கும் மற்றொரு சட்டமாகவே வருணித்தார். பழவேற்காட்டில் இதன் மிக நுட்பமான உருவம் ‘பாடு’ என்னும் முறையாகும். ஏரியில் இறால் மிகுதியாகப் படும் இடங்களில் சுத்து வலை கட்டும் உரிமையை, கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் தமக்குள் சீட்டுக் குலுக்கி, முறைவைத்துப் பகிர்ந்துகொண்டனர். நல்ல இடமும் மோசமான இடமும் எல்லோருக்கும் மாறிமாறி வாய்ப்பதால், பொறாமைக்கும் அடிதடிக்கும் உரிய காரணமே வேரோடு நீங்குகிறது. இரவில் நீரின் நடுவே, எந்தக் காவலரும் எட்டிப் பார்க்க இயலாத இடத்தில், கோடிக்கணக்கில் செலவிட்டு ரோந்துப் படகு விட்டாலும் சாதிக்க முடியாத அமைதியை ஒரு குலுக்கல் சாதித்துவிடுகிறது என்பது வியக்கத்தக்கதே.

ஆனால் குலுக்கலில் சீட்டு இல்லாதவனின் நிலை என்ன? இறாலுக்கு அந்நிய நாட்டுச் சந்தை திறந்து விலை ஏறிய காலம் தொட்டு, பாட்டுக்கு உரிமையில்லாத பிற ஜாதியினரும் பிற ஊரினரும் ஏரியில் பங்கு கேட்கலாயினர். ஏரி சர்க்கார் சொத்து, ஆகவே அனைவர்க்கும் பொது என்பது அவர்கள் வாதம். தலைமுறை தலைமுறையாக அனுபவித்த பாத்தியதை எங்களுடையது என்பது எதிர்வாதம். முகத்துவாரம் மணல் மூடி மீன்வளம் குன்றும் ஆண்டுகளில் இவ்வழக்கு மேலும் கடுமையாகிறது. உறுப்பினர்களுக்குள் திருட்டையும் சண்டையையும் தடுக்கும் அதே விதி, எல்லைக்கு வெளியே நிற்பவனைத் திருடனாக்கிவிடுகிறது. அவன் வலை அறுபட்டால் அது குற்றமா, தண்டனையா என்பது சொல்பவன் எந்த ஊரான் என்பதைப் பொறுத்தது. கூட்டத்தில் பெண்கள் அமராத ஊர்களில், மீன் கூடை சுமக்கும் பெண்ணின் குறையும் ஏறத்தாழ இதே கதிக்கு உள்ளாகிறது.

காவல் நிலையத்தின் பங்கும் இங்கே கவனிக்கத்தக்கது. புகார் கொண்டுவருபவருக்குத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் முதலில் கிடைப்பது சி.எஸ்.ஆர். என்னும் சமுதாயப் பணிப் பதிவேட்டின் ரசீதுதான், இரு தரப்பாரையும் அழைத்துப் பேசி முடித்தபின் அக்காகிதம் வழக்காக மாறுவதில்லை. பிடியாணையின்றிக் கைது செய்தற்குரிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிவு கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தும், ஊர்க்காரர் பேசி முடித்ததை உடைத்து வழக்காக்க எந்த உதவி ஆய்வாளருக்கும் உற்சாகம் இருப்பதில்லை. (அவரைக் குறை கூறுவதும் எளிதன்று, மறுநாள் அதே கரைக்கு அவர் போயாக வேண்டும்.)

அமெரிக்க நகரங்களைப் பற்றி 1961இல் எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ், தெருவைக் காப்பது போலீஸை விடத் தெருவாரின் கண்களே என்றார். குப்பத்தில் கண்களுக்குக் குறைவில்லை. ஆயினும் அவர் சொன்ன நடைபாதையில் அந்நியனும் அக்கண்களால் காக்கப்படுகிறான், கரையூரிலோ அவன் கண்காணிக்கப்படுகிறானே ஒழியக் காக்கப்படுவதில்லை. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உல்லாசப் பயணிகளை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். ஏரியின் ஒவ்வொரு வலைக்கும் இடம் குறித்த கரையில், வந்துபோகும் பயணியை ஏற்றும் படகுக்கு ஒரு வரம்பு இருக்கவில்லை. இத்தகைய சாவுகளை எண்ணும் தொகுப்பும் வேறு: 1967 முதல் வரும் விபத்து, தற்கொலைத் தொகுப்பு. குற்றத் தொகுப்பை மட்டும் புரட்டுபவருக்கு அப்பிரதேசத்தின் தலையாய ஆபத்து முழுமையாகப் புலப்படாது.

ஊர்ச் சபைகளைச் சட்டம் நோக்கும் விதமும் இங்கே எண்ணத்தக்கது. 2011 ஏப்ரலில், ஆறுமுகம் சேர்வை வழக்கில், கட்டப் பஞ்சாயத்துகள் முற்றிலும் சட்டவிரோதமானவை என்று உச்ச நீதிமன்றம் கண்டித்தது. கலப்பு மணம் செய்தோரை வதைக்கும் சபைகளை மனத்திற்கொண்டு கூறிய அத்தீர்ப்பு நியாயமானதே. எனினும் வலைக்கு இடம் பகிரும் சபையையும் அதே சொல்லால் ஒதுக்கினால் இரவு ஏரியில் மிஞ்சுவது வலுத்தவன் நியாயமாகவே இருக்கும். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பின் கட்டுவலைத் தொழிலில் நிலவிய இத்தகைய முறையை அரசாங்கம் மீன்பிடிச் சட்டத்தின் கீழ் விதிகளாகவே ஏற்றுக்கொண்டது. அங்கும் உறுப்புரிமை வம்சவழிப்பட்டதே என்பதால், அங்கீகாரம் மட்டும் வெளியாருக்கு நீதி தந்துவிடவில்லை. ஆகவே பாடு முறைக்குப் பழவேற்காட்டில் சட்டத்தின் ஏற்பு தருவதாயின், சீட்டில்லாதவனும் முறையிடத்தக்க ஒரு மேல்முறையீட்டு ஸ்தானம் அதனுடனேயே நிறுவப்படல் வேண்டும்; தாலுகா தலைமையிடமான பொன்னேரியில் அதிகாரிகள் கூட்டும் சமாதானக் கூட்டம் அதற்கு ஈடாகாது, ஏனெனில் அது கலகம் மூண்ட பிறகே கூடுகிறது.